பெரிய நாயனத்தின் இடது முழங்கால்

மும்பையில் கல்யாணமான தமிழர்களை இரண்டே பிரிவில் அடக்கிவிடலாம். பெரிய நாயனம் வாசிக்கத் தாலி கட்டியவர்கள் ஒரு பிரிவு. அவருடைய தேதி கிடைக்காமல் வேறு யாரையோ வைத்துக் கட்டிவிட்டு, இன்றுவரை மாமியார் வீட்டில் அதற்காகப் பேச்சு வாங்குகிறவர்கள் இன்னொரு பிரிவு. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டவர்களும் உண்டுதான். ஆனால் அவர்களையும் இழுத்து வந்து, பெரிய நாயனத்தின் முன்னால் ஒருமுறை மாலை மாற்றவைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபத்தாறு வருடம் மேனேஜராக இருந்தவன் நான். ஐயர் வராமல் போன கல்யாணம், மாப்பிள்ளை வராமல் போன கல்யாணம், பாயசத்தில் உப்பு விழுந்த கல்யாணம் எல்லாம் என் கண் முன்னால் நடந்திருக்கின்றன. அவற்றை இந்தப் பத்தியில் எழுதிப் பெயரும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய நாயனத்தைப் பற்றியும் பல வருடங்களுக்கு முன்னால் ஒருமுறை எழுதினேன். அது தப்பு. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அது ரேஷன் கார்டுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். தாராவியில் அவர் இருக்கும் சந்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் நாதஸ்வரத்தோடு ரயிலேறி வந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆறடி உயரம், அகலமான நெற்றி, அதில் நாலணா அளவுக் குங்குமம், பட்டு ஜிப்பா, ஜவ்வாது. தலைமுடி மை போட்டதுதான், ஆனால் அதை யாரும் சொல்லிவிடக் கூடாது.

மண்டபத்துக்கு வந்ததும் முதல் வேலையாக என் அறைக்கு வருவார். அங்கே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன். அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்பார். சும்மா நிற்பதில்லை, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று மீசையைச் சரிசெய்வார். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அந்தக் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு ஒட்டியிருக்கும். தன் முகத்தின் மேல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டே துடைப்பேன்.

அடுத்தது காபி. "மேனேஜரே, இது காப்பியா, கை களுவுன தண்ணியா?" என்பார். மூன்று முறை திருப்பி அனுப்புவார். நான்காவதாக, முதலில் வந்த அதே காபியைச் சூடுபண்ணிக் கொடுத்தால், "இப்பதான்வே காப்பி மாதிரி இருக்கு" என்று குடிப்பார். மற்ற நாயனக்காரர்களைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார். கல்யாண் என்கிற ஊரில் ஒருவர் நன்றாக வாசிக்கிறாராமே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அவனா? குக்கர் விசிலுக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி வாசிப்பான்" என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

யாரையும் பாராட்ட மாட்டார் என்று சொன்னால் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருடம் தவில் வாசித்த முத்தையாவின் பெயரைக்கூட மைக்கில் சொன்னதில்லை. கச்சேரி முடிந்து, "ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கேட்டால், தன் குரு, குருவின் குரு, நாயனத்தின் வாயில் செருகும் சீவாளியைச் செய்து கொடுத்தவர், கோயில் யானை வரைக்கும் நன்றி சொல்வார். முத்தையா பக்கத்தில் உட்கார்ந்து தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருப்பார். உயரம் குறைவு, சிரித்த முகம், விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அவருக்காக உயிரை விடுவார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வாசிப்பு பொய்யில்லை. காலை ஆறு மணிக்கு அவர் மலையமாருதத்தைத் தொட்டால், கீழே காய்கறி இறக்கும் டெம்போக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டு நிற்பான். வடை எண்ணிக்கைக்காகச் சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்வீட்டு அப்பா, அப்படியே பேச்சை நிறுத்தி, கையில் கரண்டியோடு கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன். அந்த வாசிப்பைக் கேட்டால் இந்த மனிதர் எதைச் செய்தாலும் அதில் ஒரு தெய்வ ரகசியம் இருக்கும் என்றுதான் தோன்றும். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதல் அதிசயம் மழை. ஒரு கல்யாணத்தில் அமிர்தவர்ஷினி வாசித்தார், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மும்பை முழுக்க இது பேச்சு. ஜூலை மாதம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஜூலை மாதத்தில் மாதுங்காவில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினாலே மழை வரும். அன்று இடுப்பளவு தண்ணீரில் வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீடு போன விருந்தினர் ஒருவர், "ராகத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்" என்றுதான் குறைபட்டுக்கொண்டாரே தவிர, ராகம்தான் காரணம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது அதிசயத்துக்கு நானே பொறுப்பு. வாஷியிலிருந்து ஒரு பெரிய தொழிலதிபர் கல்யாணத்துக்கு வந்தார். மண்டபமே எழுந்து நின்றது. பெரிய நாயனம் எழவில்லை, வாசிப்பை நிறுத்தவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. தொழிலதிபர் சாம்பல் நிற சஃபாரியில் அவர் முன்னால் இரண்டு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டு, முகம் சிவந்து போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சமையல் மாஸ்டர் பந்திக்கு இலை போடலாமா என்று கேட்க வந்தார். ஏதோ விரதம் என்று அன்றைக்குக் குளித்துப் பளபளவென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெரிய நாயனம் வாசிப்பை நிறுத்தினார். எழுந்தார். குனிந்து இரண்டு கையாலும் கும்பிட்டு, "ஐயா வரணும், வரணும்" என்றார். மாஸ்டர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரம் இந்தப் பத்தியில் உருகி உருகி எழுதினேன். பணத்துக்கு வளையாத முதுகு, உழைப்புக்கு முன்னால் வளைந்தது என்றெல்லாம். வாசகர் கடிதங்கள் குவிந்தன. அந்த மாஸ்டர் அதற்குப் பிறகு ஆறு மாதம் யார் சொன்னாலும் ரசத்தில் புளியைக் குறைக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரிய அதிசயம். செம்பூர்ப் பையன், மாதுங்காப் பெண். மணமேடையில் மாப்பிள்ளை நிற்கிறார், பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் நிற்கிறார். பெண் இன்னும் அறையிலிருந்து வரவில்லை, ஜடையில் ஏதோ ஊசி குத்தித் தகராறு. தாலி தட்டில் இருக்கிறது. வாத்தியார் மந்திரத்தின் நடுவில் இருக்கிறார். அப்போது, யாரும் விரலை ஆட்டாமல், யாரும் கேட்காமல், பெரிய நாயனம் கெட்டிமேளம் வாசிக்க ஆரம்பித்தார்.

கெட்டிமேளம் கேட்டால் தமிழனுடைய கை தானாக அட்சதையை வீசும். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டபம் முழுக்க இருந்த அட்சதை, மாப்பிள்ளையின் மேலும் தாய்மாமனின் வழுக்கைத் தலையின் மேலும் விழுந்தது. "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ! பொண்ணே வரலை ஓய்!" என்று வாத்தியார் கத்தினார். நாதஸ்வரம் முழங்கும்போது அது யார் காதில் விழும்? மாப்பிள்ளையின் ஆபீசிலிருந்து வந்திருந்த மராட்டிக்காரர் ஒருவர் மேடையேறி, மாப்பிள்ளைக்கும் தாய்மாமனுக்கும் கைகொடுத்து, "பதாயி ஹோ, பதாயி ஹோ" என்று வாழ்த்திவிட்டு, பரிசுக் கவரைத் தாய்மாமன் கையில் வைத்துவிட்டு நேராகச் சாப்பிடப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு தொழில் முடிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா அணுசக்தி நகரில் முப்பது வருடம் இருந்து ரிடையர் ஆனவர், எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். அணுவைப் பற்றி நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட மனிதர், அதிசயம் என்றால் மட்டும் முழுசாக விழுங்குவார். பஞ்சாங்கத்தையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு பந்தி முடியும்வரை கணக்குப் போட்டார். பிறகு எழுந்து நின்று, "வாத்தியார் வாட்ச் எட்டு நிமிஷம் ஸ்லோ! அசல் முகூர்த்தம் கெட்டிமேளம் வாசிச்ச அதே செகண்ட்லதான் ஆரம்பிச்சிருக்கு!" என்று அறிவித்தார். கூட்டம் சிலிர்த்தது. அந்தத் தம்பதி இன்றும் நன்றாக இருக்கிறார்கள். கல்யாண நாளை எட்டு நிமிடம் முன்னதாகவே கொண்டாடுகிறார்கள் என்று கேள்வி.

இப்படியே போயிருக்கும். எனக்கு வெள்ளெழுத்து வந்ததால் கெட்டது.

தாராவியில் காசிம் பாய் என்று ஒருவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் ஊர். படிக்கிற கண்ணாடி வாங்கப் போனேன். பேச்சு பெரிய நாயனத்தைப் பற்றித் திரும்பியது. காசிம் பாய் சிரித்துக்கொண்டே ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மூன்று கண்ணாடிகள், மூன்றும் புத்தம் புதுசு.

"எல்லாம் அண்ணாச்சிக்குப் பண்ணுனது சார். வீட்டுக்குக் கொண்டு போனா வீட்டம்மா போடச் சொல்லிச் சண்ட போடுதாகன்னு இங்கயே வச்சிட்டுப் போயிட்டாக. மைனஸ் ஏளு பவரு. கண்ணாடி இல்லைன்னா தன் கைவெரல எண்ணணும்னாலும் மூக்குகிட்ட கொண்டு வரணும்."

"பின்னே ஏன் போடுவதில்லை?"

"சஷ்மா போட்டா மொகத்துல கள போயிருமாம். கண்ணாடி போட்ட நாயனக்காரன எந்தச் சாமியாவது பாக்குமான்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல?"

கடை முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குங்குமம் ஒட்டிய என் அறைக் கண்ணாடி, சாம்பல் நிற சஃபாரி, வெள்ளை வேட்டி மாஸ்டர் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. பணக்காரன், ஏழை என்ற பேதம் அவருக்கு இல்லைதான். நாலடிக்கு அப்பால் அவருக்கு எல்லோரும் ஒரே மாதிரி மங்கல், அதில் பளபளவென்று தெரிகிறவர்தான் பெரிய மனிதர். இதற்கா நான் முதுகு வளைந்தது, வளையவில்லை என்று முக்கால் பக்கம் எழுதினேன்?

"அப்படின்னா வாத்தியார் விரலை ஆட்டறது எப்படித் தெரியறது?"

"அத முத்தையாட்ட கேளுங்க" என்றார் காசிம் பாய். "கேக்கக்கூட வேண்டாம். அவுக ரெண்டு பேரு முளங்காலையும் பாருங்க."

அடுத்த முகூர்த்தத்தில் நான் மணமக்களைப் பார்க்கவில்லை. மேளக்காரர்கள் இருவரும் சம்மணமிட்டு உட்காரும்போது பெரிய நாயனத்தின் இடது முழங்காலும் முத்தையாவின் வலது முழங்காலும் ஒட்டியே இருக்கும். சுருதிக்கான ஒத்துப்பெட்டியைக்கூட நடுவில் வைக்க விடமாட்டார்கள். இத்தனை வருடம் அதை நட்பு என்று நினைத்திருந்தேன். வாத்தியார் விரல் ஆடியது. முத்தையாவின் முழங்கால் ஒரு இடி இடித்தது. கெட்டிமேளம் முழங்கியது. பந்திக்கு நேரமானபோது இரண்டு இடி, வாசிப்பு நின்றது. பெரிய மனிதர் வந்தால் ஒரு நீண்ட அழுத்தல். மூன்று குட்டி இடி இடித்தால் காபி வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மட்டும் பெரிய நாயனம் கண்ணைத் திறப்பார்.

அந்த எட்டு நிமிட அதிசயமும் விளங்கிவிட்டது. அந்தச் செம்பூர்ப் பையன் கல்யாணத்தன்று நல்ல பருமனான ஒரு வீடியோக்காரர், "ஸைட் தோ, அங்கிள்" என்று வழி கேட்டு இருவருக்கும் நடுவே வந்து குந்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோணம் சரியாக இல்லை என்று அவர் இடுப்பை நகர்த்தியபோது பெரிய நாயனத்தின் இடது முழங்காலில் ஓர் இடி. அவ்வளவுதான் பிரம்ம ரகசியம்.

சென்ற வருடம் செயலாளர் எனக்குப் போன் செய்தார். பெரிய நாயனத்துக்குச் செம்பூரில் பாராட்டு விழா, நாத ஜோதி என்று ஒரு பட்டம், ஒரு மலர். மலரில் முதல் கட்டுரை நான் எழுத வேண்டும்.

"அதிசயம் மூணும் வந்தாகணும். நாலாவதா ஒண்ணு கெடச்சா ரொம்ப நல்லது" என்றார்.

"உண்மையை எழுதலாமா என்று பார்க்கிறேன்."

"மிஸ்டர், உண்மைக்கு யார் சார் விளம்பரம் குடுப்பா?"

அழைப்பிதழ் வந்தது. மேடையில் ஏழு பேர். தலைமை விருந்தினர் அந்த வாஷித் தொழிலதிபரேதான். உழைப்பாளியை வணங்கிய கலைஞர் என்று என் பத்தியைப் படித்து மனம் மாறி, விழாச் செலவையே ஏற்றுக்கொண்டிருந்தார். ஏழு பேரில் முத்தையா இல்லை. சிறப்பு அழைப்பாளர் பட்டியலில் இல்லை, நன்றியுரையில்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகத் தாராவிக்குப் போனேன். இருவரும் பயிற்சியில் இருந்தார்கள். "முத்தையா பேரைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவார்கள்" என்றேன்.

பெரிய நாயனம் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "தவிலுக்கு எதுக்குவே பேரு? நாயனம் இருந்தா கூடத் தவிலு இருக்கும்னு எல்லாவனுக்கும் தெரியுமே. அளப்பிதளுல எலக்கட்டு, சந்தனம், சர்க்கரைன்னா போடுதாக?"

முத்தையா தவில் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வார் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் முத்தையா மாதுங்காவில் என் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படிக்கும் வலது காலை இழுத்து வைத்து ஏறினார்.

"சார், காசிம் பாய் சொன்னாக. நெசத்த எளுதப் போறியளாமே?"

"ஆமாம். உங்கள் முழங்காலிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். உங்கள் பெயர் முதல் வரியில் வரும்."

"வேண்டாம் சார்." கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியாதுன்னு எளுதிட்டா நாளைக்கு யாரு கூப்புடுவா? முகூர்த்தத்துல தப்பு வந்துரும்னு பயந்துருவாக. வாசிக்கலைன்னா அந்த மனுசன் ஒரு மாசம் தாங்க மாட்டாக. எளுதிராதிய."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா? இந்தப் பாருங்க." துணிப்பையிலிருந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "வலது முளங்காலு தேஞ்சு போச்சுன்னு டாக்டரு சொல்லுதாரு. ஒரு பக்கம் மட்டும் எப்பிடித் தேஞ்சுதுன்னு கேட்டாரு. வாசிச்சே தேஞ்சுதுன்னேன். தவில முளங்காலுலயா வாசிப்பியன்னு சிரிக்காரு." அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, எக்ஸ்ரேயைப் பத்திரமாக உள்ளே வைத்தபடி சொன்னார்: "ஒரே ஒரு தடவ, மைக்குல, தவில் முத்தையான்னு அவுக வாயால சொன்னாகன்னா போதும் சார். எம் மருமவன் நான் எங்கயோ கூலிக்குக் கொட்டுதேன்னு நெனச்சிட்டிருக்கான். அத அளப்பிதளப் பாத்து நம்பிட்டான்."

அவர் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். மழை, மாஸ்டர், எட்டு நிமிடம். மூன்று அதிசயங்களையும் அட்சரம் பிசகாமல், வெட்கமில்லாமல் எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா. மேடையின் வலது ஓரத்தில் பெரிய நாயனத்தின் ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர், பட்டு ஜிப்பா, குங்குமம், கையில் நாதஸ்வரத்தோடு. வாசலில் காசிம் பாய் அவரைப் பிடித்து, ஜிப்பா பையில் ஒரு கண்ணாடிக் கூட்டைத் திணித்துக்கொண்டிருந்தார். "போட வேண்டாம் அண்ணாச்சி, பையில கெடக்கட்டும்." முத்தையாவுக்கு நாலாவது வரிசையில் ஓர நாற்காலி கிடைத்திருந்தது. பக்கத்தில் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோர் மடியிலும் மலர் இருந்தது.

"நாத ஜோதியை மேடைக்கு அழைக்கிறோம்!" என்றார் செயலாளர். கைதட்டல். பெரிய நாயனம் படியேறினார். இடது பக்கம் தொழிலதிபர் சால்வையோடு எழுந்து நின்றார், அன்றும் அதே சாம்பல் நிறம். வலது பக்கம் வெளிச்சத்தில் பளபளவென்று ஃப்ளெக்ஸ். பெரிய நாயனம் ஒரு கணம் நின்றார். இடது முழங்காலைச் சற்று வெளியே நகர்த்தினார். அங்கே யாரும் இல்லை. பிறகு முடிவு செய்துகொண்டு, நேராகத் தன்னுடைய ஃப்ளெக்ஸிடம் போனார். குனிந்து கும்பிட்டார்.

"ஐயா வரணும். ஒங்கள நேருல பாக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு" என்றார். தலையைக் குனிந்தபடி சால்வைக்காகக் காத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் ஃப்ளெக்ஸும் லேசாகத் தலையசைத்தது.

நாலாவது வரிசையில் முத்தையா பாதி எழுந்திருந்தார். அவருடைய வலது முழங்கால் காற்றில் ஒருமுறை இடித்ததை நான் பார்த்தேன். அங்கிருந்து இடித்தால் எப்படிப் போய்ச் சேரும்?

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பார்த்தேளா! தனக்குள்ள இருக்கற நாதத்தைத் தானே வணங்கறார்! நாலாவது அதிசயம்!" அவ்வளவுதான், கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய நாயனத்துக்குக் கைதட்டல் எதற்கென்று புரியவில்லை. கையை நீட்டி எதிரே நின்றவரைத் தொட்டார். வழுவழுவென்று இருந்தது. நெற்றியைத் தடவினார், நாதஸ்வரத்தைத் தடவினார். தன்னைத்தான் கும்பிட்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்த நொடி எனக்கும் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். கைதட்டலை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி, இன்னும் இருபது வருடத்துக்குத் தெய்வமாகவே இருந்திருக்கலாம்.

ஜிப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். ஊரறிய, மேடையில், முதல் தடவையாகப் போட்டுக்கொண்டார். ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எவம்ல இவன், இம்புட்டு மேக்கப்போட?" என்றார். பிறகு செயலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"முத்தையா எங்கல இருக்க? மேல வா."

முத்தையா காலை இழுத்து இழுத்துப் படியேறினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்குக் கண்ணு தெரியாது. ஒரு வாத்தியாரு வெரலயும் நான் பாத்ததே இல்ல. முப்பது வருசமா இந்தப் பய முளங்காலுதான் எனக்குக் கண்ணு. அந்த எட்டு நிமிசம் இருக்கே, அது அதிசயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு வீடியோக்காரன் இடுப்பு." தொண்டையைச் செருமினார். "இவன் தவில் முத்தையா. நல்லாப் பாத்துக்கிடுங்க. தவில் முத்தையா."

போன் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் நிமிர்ந்தான்.

பெரிய நாயனம் திரும்பி, கண்ணாடியோடு முத்தையாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மைக் இன்னும் வாயருகே இருந்ததை மறந்துவிட்டார்.

"ஏல... நீ எப்பல கெளவனான?"

"நீங்க பாக்காத நேரமாப் பாத்து ஆயிட்டேன் அண்ணாச்சி" என்றார் முத்தையா.

கூட்டம் சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. தொழிலதிபர் நல்ல மனிதர். கையில் இருந்த சால்வையை என்ன செய்வதென்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இருவர் தோளிலும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

விழா முடிந்ததும் செயலாளர் மலரை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன சார் இது, அச்சு போட்டதெல்லாம் பொய்யாப் போச்சே!" என்றார். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். கண் தெரியாமலே முப்பது வருடம் முகூர்த்தம் தவறாமல் வாசித்தாரே, இதைவிட என்ன அதிசயம் வேண்டும் என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். முத்தையா பயந்தபடி ஒரு கல்யாணமும் குறையவில்லை. கண்ணாடி போடாமல் வாசிப்பதாக இருந்தால்தான் வேண்டும் என்று சில பெண்வீட்டார் நிபந்தனையே போடுகிறார்கள்.

பெரிய நாயனம் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். காபி இன்னும் மூன்று முறை திரும்புகிறது. கல்யாண்காரர் இன்னும் குக்கர்தான். கண்ணாடி மறுபடி காசிம் பாயின் இழுப்பறைக்குப் போய்விட்டது. மைக்கைக் கொடுத்தால் முத்தையா பெயரை இப்போது சொல்கிறார், ஆனால் யானைக்கு அப்புறம்தான். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. முத்தையாவைத் தன் வலது பக்கத்துக்கு மாற்றி உட்காரவைத்துவிட்டார். "அந்த முளங்காலு தேஞ்சு போச்சுன்னா இன்னொண்ணு சும்மாதானல இருக்கு?" என்று கேட்டாராம். அவருடைய அகராதியில் இதைவிடப் பெரிய பாசம் கிடையாது.

வரும் தை மாதம் என் பெண்ணுக்குக் கல்யாணம். மேனேஜராக இருந்தவன் என்பதால் எல்லாம் எனக்குத் தெரியும், எங்கே என்ன தப்பு வரும் என்றும் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கர்வம் பிடித்த, கண் தெரியாத மனிதரைப் பேசி முடித்திருக்கிறேன். அவர் இல்லாமல் என் பெண் கழுத்தில் தாலி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீடியோக்காரரிடம் மட்டும் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். "எங்கே வேண்டுமானாலும் நின்று எடுங்கள், மேடையில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு முழங்காலுக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள்."